லேபிள் உதிர்ந்த மாண்டலின்

மாணவர் மாண்டலின் என்பது இசை கற்கத் தொடங்குபவரின் கைக்கு எட்டும் விலையில், தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யப்பட்ட மாண்டலின். அமெரிக்காவில் 1890களில் தொடங்கி 1970கள் வரை இந்த வகைக் கருவிகள் தொடர்ந்து வெளிவந்தன. தபால்வழி விற்பனைக் கடைகளின் பட்டியலைப் பார்த்து வாங்கியவர்கள் உண்டு. பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரிடமே கருவியையும் வாங்கியவர்கள் உண்டு. சிலர் சில மாதங்களும் சிலர் வாழ்நாள் முழுக்கவும் வாசித்தார்கள். பிறகு கருவி பெட்டிக்குள் போய்ப் பரணில் ஏறியது. இரண்டு மூன்று தலைமுறை கழித்து அதைக் கீழே இறக்குபவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: இதை யார், எப்போது செய்தார்கள்? இதற்கு என்ன மதிப்பு?

தமிழ் வாசகருக்கு மாண்டலின் என்றதும் உ. ஸ்ரீநிவாஸின் கையில் இருந்த மின்மாண்டலின் நினைவுக்கு வரும். அதில் ஐந்து ஒற்றைக் கம்பிகள். உடல் கூடு இல்லாத கட்டை. இங்கே பேசப்படும் கருவி அதற்கு மூத்த தலைமுறை. உள்ளே வெற்றிடம் கொண்ட மரக்கூடு, நான்கு ஜோடிகளாக எட்டு எஃகுக் கம்பிகள், வயலினுக்கு உள்ள அதே சுருதி வரிசை. ஒவ்வொரு ஜோடியிலும் இரு கம்பிகளும் ஒரே சுருதியில் நிற்கும்.

முதலில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை கருவியிலேயே இருக்கிறது. தலைப்பகுதியில் அச்சிட்ட பெயரிலும் உள்ளே ஒட்டிய லேபிளிலும் அது குறைவு. மரத்திலும் வஜ்ஜிரப் பசையிலும் திருகாணியிலும் அதிகம். பெயரை நம்பித் தொடங்குபவர் பெரும்பாலும் தவறான இடத்தில் போய் நிற்பார். அதற்கான காரணம் இந்தக் கருவிகள் விற்கப்பட்ட முறையில் இருக்கிறது.

ஒரு பட்டறை, பல பெயர்கள்

1880 ஜனவரியில் ஃபிகாரோ என்ற பெயர்கொண்ட ஸ்பானிய மாணவர் இசைக்குழு ஒன்று நியூயார்க் வந்து இறங்கியது. அவர்கள் வாசித்தது பந்தூரியா என்ற ஆறு ஜோடிக் கம்பிக் கருவி. கூட்டம் அலைமோதியது. கேட்டவர்களில் பலர் அதை மாண்டலின் என்றே எண்ணினார்கள். அந்த நகரத்தில் குடியேறியிருந்த கார்லோ கூர்த்தி என்ற இத்தாலியர், தன் நாட்டு இசைஞர்களைச் சேர்த்து அதே போன்ற பெயரில் இன்னொரு குழு அமைத்தார். இவர்கள் வாசித்தது உண்மையாகவே மாண்டலின். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மாண்டலின் மோகம் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது. கல்லூரிக்குக் கல்லூரி, ஊருக்கு ஊர் மாண்டலின் குழுக்கள் தோன்றின.

தேவை பெருகியதும் சிகாகோ இந்தத் தொழிலின் மையமாயிற்று. 1864இல் தொடங்கிய லயன் அண்ட் ஹீலி நிறுவனம் வாஷ்பர்ன் என்ற பெயரில் உயர்ரகக் கருவிகளையும், வேறு பெயர்களில் மலிவுரகங்களையும் செய்தது. 1892இல் வில்ஹெல்ம் ஷூல்ட்ஸ் தொடங்கிய ஹார்மனி நிறுவனத்தை 1916இல் சியர்ஸ் ரோபக் என்ற மாபெரும் தபால்வழிக் கடை வாங்கியது. 1940 வரை அது சியர்ஸ் கையில் இருந்தது. அந்தக் கருவிகள் சூப்பர்டோன் என்ற பெயரில் போயின. 1940 வாக்கில் அந்தப் பெயர் சில்வர்டோன் என்று மாறியது. ரீகல், கே ஆகியவையும் சிகாகோவைச் சேர்ந்தவை. நியூஜெர்சியில் ஆஸ்கார் ஷ்மிட் இருந்தது. ஸ்டெல்லா என்ற பெயர் அதனுடையது, பின்னாளில் அது ஹார்மனிக்குக் கைமாறியது.

இவர்களுக்கும் கடைக்காரருக்கும் நடுவில் மொத்த வியாபாரிகள் இருந்தார்கள். நூறு மாண்டலின் வேண்டும், தலையில் எங்கள் பெயர் வேண்டும் என்று அவர்கள் கேட்டால் பட்டறை அப்படியே செய்து கொடுத்தது. அதே அச்சில், அதே வாரத்தில் செய்த கருவி மூன்று கடைகளில் மூன்று பெயரோடு விற்பனைக்கு வந்தது. ஒரே பெயரைத் தாங்கிய கருவிகளை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு பட்டறைகள் செய்ததும் உண்டு. மாண்டலினின் தலையில் இருக்கும் பெயர் அதை விற்றவர் யார் என்று மட்டுமே சொல்கிறது. செய்தவரைக் கண்டுபிடிக்க உடலைத்தான் படிக்க வேண்டும்.

வடிவமும் அளவும்

முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கம். நேப்பிள்ஸ் நகர மரபில் வந்த மாண்டலினுக்குப் பின்பக்கம் பாதி வெட்டிய பூசணிக்காய் போலக் குழிந்த கிண்ணம். மெல்லிய மரக்கீற்றுகளை அச்சின்மேல் வளைத்து ஒன்றோடொன்று ஒட்டி இந்தக் கிண்ணத்தைச் செய்வார்கள். எஃகுக் கம்பிக்கும் பல்சக்கரப் பிருடைக்கும் இந்தக் கருவியை 1830களில் தயார்ப்படுத்தியவர் பாஸ்குவாலே வினாச்சியா என்ற நேப்பிள்ஸ் கலைஞர். அடர்நிறக் கீற்றும் வெளிர்நிறக் கீற்றும் மாறிமாறி வருவதால் அமெரிக்கர்கள் இதற்கு உருளைக்கிழங்கு வண்டு என்று செல்லப்பெயர் வைத்தார்கள். கீற்றுகளை எண்ணினால் தரம் தெரியும். மாணவர் ரகத்தில் ஒன்பது முதல் பதினைந்து வரை இருக்கும். விலையுயர்ந்தவற்றில் முப்பது, நாற்பதைத் தாண்டும். அகலமான கீற்று கொஞ்சமும் குறுகலான கீற்று நிறையவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு கீற்றும் ஒரு மனிதரின் உழைப்பு நேரம். அந்த நேரத்தை மிச்சப்படுத்தியதில்தான் மாணவர் கருவியின் விலை குறைந்தது.

இரண்டாவது குடும்பம் வயலினைப் பார்த்துப் பிறந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கலாமசூவில் வாழ்ந்த ஆர்வில் கிப்சன், தடித்த பலகையைக் குடைந்து வளைவான மேற்பலகையும் பின்பலகையும் செய்யும் முறைக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். 1902இல் அவர் பெயரில் நிறுவனம் உருவானது. பேரிக்காய் வடிவ ஏ வரிசை, தோளில் சுருள் கொண்ட எஃப் வரிசை ஆகிய இரண்டும் இன்றுவரை மாண்டலினின் முகமாக இருக்கின்றன. மூன்றாவது, தட்டையான பின்பலகை கொண்ட எளிய வகை. செய்வதற்கு இதுதான் மலிவு என்பதால் மாணவர் மாண்டலின்களில் பெரும்பகுதி இதில் அடங்கும்.

வடிவத்தைக் குறித்துக்கொண்டபின் அளவுநாடா. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படிந்து இறங்கும் சிறிய பட்டைக்கு வீணையில் மேரு என்று பெயர்; அதே பெயரை இங்கும் வைத்துக்கொள்ளலாம். மேருவிலிருந்து 12ஆவது மெட்டு வரை அளந்து இரண்டால் பெருக்கினால் கம்பி அதிரும் நீளம் கிடைக்கும். குதிரை வரைக்கும் நேராக அளக்கக் கூடாது. மாண்டலினின் குதிரை பலகையில் ஒட்டப்படுவதில்லை. கம்பியின் அழுத்தத்தால் மட்டும் அது நிற்கிறது. நூறாண்டில் யாராவது ஒருவர் அதை நகர்த்தியிருப்பார். நேப்பிள்ஸ் மரபுக் கருவியில் இந்த நீளம் 330 மி.மீ.யை ஒட்டி இருக்கும். கிப்சன் வழியில் வந்தவற்றில் 352 மி.மீ. இருபது மி.மீ. வேறுபாடு கண்ணுக்குப் படாது, நாடாவுக்குப் படும்.

மெட்டுகளின் இடைவெளியும் சாட்சி சொல்லும். எஞ்சிய கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த மெட்டின் இடம் கிடைக்கும். 352 மி.மீ. கருவியில் முதல் மெட்டு மேருவிலிருந்து 19.8 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். அது ஒரு மி.மீ. குறைந்திருந்தால் மேருவை யாரோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது விரற்பலகையின் நுனியைச் சீவியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கருவி எந்த மெட்டிலும் சுருதி சேராது. வாசிப்பவர் தன் காதைக் குறைசொல்லிக்கொண்டே கைவிட்டிருப்பார்.

மரம் சொல்வது

மாண்டலினின் மேற்பலகைக்கு ஏற்ற மரம் ஸ்புரூஸ். ஒரு கன சென்டிமீட்டர் நானூறு மில்லிகிராம் அளவுதான் எடை. ஆனாலும் இழையோட்டத்தின் வழியே அதன் விறைப்பு குறுக்கே உள்ளதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். எடை குறைவாகவும் விறைப்பு அதிகமாகவும் இருக்கும் பலகை, கம்பியிலிருந்து வரும் சிறிய ஆற்றலுக்கும் அசைந்து காற்றைத் தள்ளும். நல்ல கருவியில் இந்தப் பலகை ஒரே மரத்துண்டு, அல்லது நடுவில் சேர்த்த இரண்டு துண்டுகள்.

மாணவர் கருவியில் இது ஸ்புரூஸாகவும் இருக்கலாம், பிர்ச்சாகவும் இருக்கலாம், பிளைவுட்டாகவும் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்பதில்தான் ஓசையும் விலையும் ஏறி இறங்குகின்றன. மேலிருந்து பார்த்தால் ஏமாறுவோம். பிளைவுட்டின் மேலடுக்கு அழகான ஸ்புரூஸ் வெனீராக இருக்கும். பிர்ச் மரத்தின்மேல் ஸ்புரூஸின் ரேகைகளையே வண்ணத்தால் வரைந்த கருவிகளும் உண்டு. பார்க்க வேண்டிய இடம் ஒலித்துளையின் விளிம்பு. சிறிய கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து, பலகையின் வெட்டுமுகத்தை உருப்பெருக்கி வழியே பார்க்க வேண்டும். ஒற்றை மரமானால் மேலே ஓடும் ரேகை ஒவ்வொன்றும் விளிம்பில் மடிந்து, பலகையின் தடிமன் முழுக்க நேராக இறங்கி உள்பக்கம் போகும். பிளைவுட்டானால் ரேகை ஒரு காகிதத் தடிமனில் நின்றுவிடும். அடியில் குறுக்கு இழையுடன் வேறொரு அடுக்கு தெரியும். சில பட்டறைகள் இந்த விளிம்பையும் கறுப்பு வண்ணத்தால் மூடியிருக்கும். அப்போது பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பலகையின் அடிப்பக்கத்தைப் பார்க்கலாம். வெளியே தெரியும் ஒரு முடிச்சோ கோடோ உள்ளே அதே இடத்தில் தெரிந்தால் அது ஒற்றை மரம்.

வளைவான மேற்பலகைக்கு இன்னொரு சோதனை உண்டு. கிப்சன் முறையில் குடைந்த பலகை நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். மாணவர் ரகத்தில் மெல்லிய பலகையை நீராவியும் வெப்பமும் கொண்டு அச்சில் அழுத்தி வளைத்தார்கள். அதன் தடிமன் எங்கும் ஒன்று. உள்ளே ஒரு சிறு காந்தத்தை விட்டு, வெளியே வில்சுருள் கொண்ட அளவுகோலை வைத்தால், காந்தம் ஈர்க்கும் விசையிலிருந்து பலகையின் தடிமன் தெரிந்துவிடும். வயலின் பழுதுபார்ப்பவர்கள் கைவசம் வைத்திருக்கும் கருவி இது. பத்து இடத்தில் அளந்து பத்தும் ஒரே எண்ணானால் அது அழுத்தி வளைத்த பலகை. அழுத்தியது என்பதாலேயே அதைத் தள்ளிவிடக் கூடாது. ஸ்ட்ராட்-ஓ-லின் என்ற பெயரில் வந்த மாணவர் மாண்டலின்களில் ஒற்றை மர மேற்பலகை கொண்டவற்றை இன்றும் வாசிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். அதே பெயரில் பிளைவுட் கருவிகளும் இருப்பதால், அங்கும் ஒலித்துளை விளிம்புதான் தீர்ப்பு சொல்லும்.

விரற்பலகையில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் கருங்காலி இல்லை. மேப்பிள், பேரி போன்ற வெளிர்மரங்களுக்குச் சாயம் ஏற்றினால் கருங்காலியாகத் தோன்றும். முதல் மூன்று மெட்டுகளுக்கு நடுவே, விரல்கள் ஆண்டுக்கணக்கில் தேய்த்த இடத்தில் அந்தச் சாயம் போய்ப் பழுப்புக் குழிகள் தெரியும். அந்தக் குழிகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. முதல் இரண்டு மெட்டில் மட்டும் தேய்ந்திருந்தால் தொடக்கப் பாடங்களோடு நின்றுபோன மாணவர். ஏழாவது, பத்தாவது மெட்டு வரை தேய்ந்திருந்தால் அந்தக் கருவியை யாரோ உண்மையாகவே நேசித்து வாசித்திருக்கிறார்.

ஆண்டைக் காட்டும் பொருட்கள்

மரம் பட்டறையின் தரத்தைச் சொல்கிறது. ஆண்டைச் சொல்வது மேல்பூச்சும் உலோகமும் காகிதமும். இவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட காலத்தில்தான் தொழிலுக்குள் வந்தன. அதனால் ஒரு பொருளின் வயது, கருவி அதற்கு முன்பு செய்யப்பட்டிருக்க முடியாது என்ற எல்லையைப் போட்டுத் தருகிறது.

1920களின் நடுப்பகுதிவரை அமெரிக்கத் தந்திக்கருவிகளின் பூச்சு பெரும்பாலும் அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்தது. பிறகு துப்பாக்கியால் தெளிக்கக்கூடிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வந்து, காயும் நேரத்தை நாட்களிலிருந்து மணிகளாகக் குறைத்தது. ரூபாய் நோட்டைச் சோதிக்கப் பயன்படும் புறஊதா விளக்கை இருட்டறையில் பிடித்தால் இரண்டும் பிரிந்து தெரியும். அரக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். வயதான லாக்கர் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பிற்காலத்தில் தொட்டுப் பூசிய இடங்கள் கறுத்த திட்டுகளாக நிற்கும். ஆமை ஓடு போன்ற புள்ளிகளுடன் ஒலித்துளை அருகில் பதித்திருக்கும் தகடு மாணவர் கருவியில் அநேகமாக செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸில் கற்பூரம் சேர்த்துச் செய்யும் பொருள் அது. விரலால் வேகமாகத் தேய்த்துவிட்டு முகர்ந்தால் பூஜை அறையின் வாசனை எழும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை ஒருபோதும் செய்யக் கூடாது. செல்லுலாய்டு நொடியில் தீப்பற்றும்.

திருகாணிகளில் நட்சத்திரத் தலை, அதாவது ஸ்டார் ஸ்க்ரூ, தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தது 1936ஐ ஒட்டி. பிருடைத் தகட்டை அத்தகைய திருகு பிடித்திருந்து, தகட்டைச் சுற்றிப் பழைய துளை எதுவும் இல்லாவிட்டால் கருவி அந்த ஆண்டுக்குப் பிந்தியது. பக்கத்திலேயே மூடப்பட்ட சிறு துளைகள் தெரிந்தால் பிருடை பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கிறது. அப்போது திருகு எதையும் நிரூபிக்காது. கம்பிகளின் அடிநுனியைப் பிடித்திருக்கும் வால்தகட்டில் அடித்திருக்கும் காப்புரிமை எண்ணும் நல்ல துணை. அமெரிக்கக் காப்புரிமை எண் பத்து லட்சத்தைத் தொட்டது 1911இல், இருபது லட்சத்தை 1935இல், முப்பது லட்சத்தை 1961இல். எண் எந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது என்று பார்த்தாலே கால எல்லை கிடைத்துவிடும்.

ஹார்மனி கருவிகளில் பலவற்றின் உள்ளே, பின்பலகையில் மையால் அடித்த சிறு முத்திரை இருக்கும்: எஃப் அல்லது எஸ் என்ற எழுத்து, அதையடுத்து இரண்டு இலக்க ஆண்டு. எஸ்-62 என்றிருந்தால் 1962. தூசியைத் துடைக்கும் ஆர்வத்தில் ஈரத்துணி போட்டால் முத்திரை அழிந்துவிடும். காய்ந்த தூரிகை போதும். இறக்குமதிக் கருவியானால் நாட்டின் பெயரே ஆண்டு சொல்லும். 1891 முதல் அமெரிக்காவுக்குள் வரும் பொருளில் பிறந்த நாடு குறிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். செக்கோஸ்லோவாகியா என்றிருந்தால் 1918க்குப் பிந்தியது. ஜெர்மனியின் அமெரிக்க மண்டலம் என்றிருந்தால் இரண்டாம் உலகப்போர் முடிந்த அடுத்த சில ஆண்டுகள். ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்றிருந்தால் 1947க்கும் 1952க்கும் இடைப்பட்டது. கடைக்காரர் ஒட்டிய முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அந்த லேபிள் 1963 ஜூலைக்குப் பின் அச்சானது.

லேபிளையும் சோதிக்க வேண்டும். 1950ஐ ஒட்டிய காலம் முதல் காகிதத்தை வெண்மையாக்க ஒளிரும் வேதிப்பொருட்களைச் சேர்க்கிறார்கள். 1910ஆம் ஆண்டின் லேபிள் என்று சொல்லப்படும் காகிதம் புறஊதா ஒளியில் பளீரென்று நீலவெள்ளையாக மின்னினால் அது பிற்காலத்து அச்சு.

வழக்கத்துக்கு மாறான கருவிகள்

மேலே சொன்ன எதிலும் அடங்காத மாணவர் மாண்டலின் ஒன்று கையில் வந்தால் முதலில் எழும் எண்ணம், இது அரிய பொருள், ஆகவே விலையுயர்ந்தது என்பது. அரிதாக இருப்பதும் விரும்பப்படுவதும் வேறுவேறு. இரண்டும் சேரும் இடத்தில்தான் விலை உயரும்.

அப்படிச் சேர்ந்த எடுத்துக்காட்டு கிப்சன் நிறுவனத்தின் ஆர்மி-நேவி மாண்டலின். முதல் உலகப்போர் முடியும் 1918இல் வெளிவந்து, சில ஆண்டுகளே செய்யப்பட்டது. படைவீரர்களுக்கு விற்பதற்காக எளிமையாக வடிவமைத்தார்கள். குடைந்த வளைவுகளுக்குப் பேர்போன கிப்சன், இதில் மேற்பலகையையும் பின்பலகையையும் தட்டையாகவே விட்டது. உடல் ஏறக்குறைய முழு வட்டம். தட்டையாக, வட்டமாக இருப்பதால் வாசிப்பவர்கள் இதைப் பான்கேக் என்று அழைக்கிறார்கள். தன் காலத்தில் இது கிப்சன் பட்டியலின் அடித்தட்டு. இன்றோ அதன் இனிய, நீண்டு ஒலிக்கும் குரலுக்காக அயர்லாந்து நாட்டுப்புற இசைக்காரர்கள் நாடும் கருவி. ஆனால் வட்ட உடல் கண்டதும் ஆர்மி-நேவி என்று சொல்லிவிட முடியாது. மொண்டானா மாநிலத்தின் போஸ்மனில் இயங்கிய ஃபிளாட்அயர்ன் பட்டறை 1980களில் அதே வடிவத்தில் நல்ல மாண்டலின்களைச் செய்தது. 1987இல் அந்தப் பட்டறையைக் கிப்சனே வாங்கிவிட்டது. தலைப்பகுதியில் கழுத்தைச் சரிசெய்யும் இரும்புக்கம்பிக்கான சிறு மூடி இருக்கிறதா என்று பார்ப்பது இங்கே உதவும். அந்தக் கம்பி கிப்சன் கருவிகளுக்குள் வந்தது 1920களின் தொடக்கத்தில், ஆர்மி-நேவி விடைபெறும் நேரத்தில்.

கே நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் விட்ட கே கிராஃப்ட் வரிசை இன்னொரு வகை விந்தை. இடுப்பின் இருபக்கமும் கூர்முனை துருத்தி நிற்கும் வடிவம், அதற்கு வெனிஸ் நகரத்தின் பெயர். பின்பலகை பிளைவுட். முகப்பில் பூவேலை போலத் தெரிவது பதித்த வேலைப்பாடு இல்லை, ஒட்டுப்படம். இந்த வரிசையின் கருவிகளில் கழுத்தும் உடலும் ஒட்டப்படாமல், உள்ளிருந்து இறக்கை மரையால் இறுக்கப்பட்டிருக்கும். மரையைத் தளர்த்திக் கழுத்தின் சாய்வை மாற்றலாம். மலிவான கருவியில் இப்படியொரு எண்ணத்தைச் செயல்படுத்தியது பாராட்டத்தக்க பொறியியல். பிற கருவிகளில் ஒரு முழுநாள் பிடிக்கும் பழுது இதில் சில நிமிட வேலை. வடிவம் இவ்வளவு தனித்தன்மை கொண்டதால் லேபிள் இல்லாவிட்டாலும் இனங்காணலாம். விலை மிதமானது, தோற்றத்துக்காக வாங்குபவர்களே அதிகம்.

1890களின் இறுதியில் நியூயார்க்கில் மெரில் என்பவரின் நிறுவனம் அலுமினியக் கிண்ணம் கொண்ட மாண்டலின்களைச் செய்தது. மேற்பலகை மட்டும் ஸ்புரூஸ். ஈரத்தில் வீங்காது, கீற்று பிரியாது என்பது அதன் பலம். பாஸ்டனின் வேகா நிறுவனம் பின்பலகையின் நடுவே நீளவாக்கில் அரை உருளை புடைத்து நிற்கும் மாண்டலின்களைச் செய்தது. இது மாணவர் ரகத்தில் சேராது. முன்பக்கம் எளிமையாக இருப்பதால் மலிவுக் கருவியென்று எண்ணிக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் எந்த மாண்டலினையும் எடைபோடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

எழுபது கிலோ இழுவை

இனங்கண்டபின் நலம் பார்க்க வேண்டும். மாண்டலினின் நலம் என்பது கம்பியின் இழுவையைத் தாங்குமா என்பதுதான். மிக உயர்ந்த சுருதியில் நிற்கும் இ (E) கம்பியை எடுத்துக்கொள்வோம். தடிமன் 0.25 மி.மீ., நீளம் 352 மி.மீ., நொடிக்கு 659 அதிர்வு. கம்பியின் ஒரு மீட்டர் நிறையை, நீளத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கி இரட்டித்த எண்ணின் வர்க்கத்தால் பெருக்கினால் இழுவிசை வரும்: ஒரு கம்பிக்கு எட்டரைக் கிலோ எடைக்குச் சமம். எட்டுக் கம்பியும் சேர்ந்தால் எழுபது கிலோவை ஒட்டி வந்துவிடும். ஒரு வளர்ந்த மனிதர் கழுத்தின் நுனியைப் பிடித்து இரவும் பகலும் தொங்குவது போன்ற சுமை. கம்பிகள் குதிரையின்மேல் மொத்தம் 15 பாகை மடங்கினால், அந்தச் சிறு மரத்துண்டு மேற்பலகையை ஏறத்தாழ 18 கிலோ விசையோடு கீழே அழுத்துகிறது. அந்தப் பலகையின் தடிமன் மூன்று மி.மீ. அளவுதான்.

அறுபது, எழுபது ஆண்டு இந்தச் சுமையில் இருந்த கருவி எங்காவது இடம்கொடுத்திருக்கும். கழுத்து முன்னோக்கி வளைந்திருக்கலாம். கழுத்தும் உடலும் சேரும் மூட்டு திறந்திருக்கலாம். ஒலித்துளைக்கும் குதிரைக்கும் நடுவே பலகை குழிந்திருக்கலாம். எஃகுச் சட்டத்தை மெட்டுகளின்மேல் நீளவாக்கில் வைத்தால் வளைவு வெளிச்சமாகத் தெரியும். 12ஆவது மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. இடைவெளி இருந்தால் வாசிக்க இதம். மூன்றைத் தாண்டினால் விரல் வலிக்கும். நான்கைத் தாண்டி, குதிரையையும் இதற்குமேல் தாழ்த்த முடியாது என்றால் கழுத்தைக் கழற்றிச் சாய்வு மாற்றிப் பொருத்த வேண்டும்.

விரல் கணுவால் மேற்பலகையை மெல்லத் தட்டிக் கேட்பதும் ஒரு சோதனை. நலமான பலகை ஒரு சுரத்தோடு பதில் சொல்லும். சரசரவென்று கூடவே ஓர் ஒலி வந்தால் உள்சட்டம் ஒன்று பிரிந்திருக்கிறது. பிரிந்தது நல்ல செய்தியாகவும் இருக்கலாம். பழைய பட்டறைகள் ஒட்டியது வஜ்ஜிரத்தால். சூடும் ஈரமும் பட்டால் அது இளகும், மறுபடி ஒட்டும். பழுதுபார்ப்பவர் கத்தியைச் சூடாக்கி உள்ளே விட்டு மூட்டைச் சேதமில்லாமல் திறக்க முடிவது அதனால்தான். முன்பு யாராவது எபாக்சி ஊற்றி ஒட்டியிருந்தால் மரத்தைக் கிழிக்காமல் அந்த மூட்டைத் திறக்க வழியில்லை. மரத்தில் உள்ள விரிசலைவிட, அதை மூடிய எபாக்சி மதிப்பை அதிகம் குறைக்கும்.

மதிப்பு

ஒரே கருவிக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று மதிப்புகள் இருக்கும். எல்லாமே சரியானவை. வாங்கவும் விற்கவும் விருப்பம் உள்ள இருவர், யாருடைய கட்டாயமும் இல்லாமல், விவரம் அறிந்து ஒத்துக்கொள்ளும் தொகை சந்தை மதிப்பு. அதே தரக் கருவியைக் கடையில் இன்று வாங்கினால் ஆகும் செலவு காப்பீட்டு மதிப்பு. இது கூடுதலாக இருக்கும். வியாபாரி கையில் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ளும் தொகை கடைசி. அவருடைய பழுதுச்செலவும் லாபமும் கழிவதால் இது குறைவு. எந்த மதிப்பு கேட்கப்படுகிறது என்று எழுதாத மதிப்பீட்டுச் சான்று யாருக்கும் பயன்படாது.

ஒப்பிட வேண்டியது விற்றுமுடிந்த விலைகளை. கேட்கும் விலை கேட்பவரின் ஆசை. கிப்சன் நிறுவனப் பொறியாளர் லாய்ட் லோர் கையொப்பமிட்ட 1922 முதல் 1924 வரையிலான எஃப்-5 மாண்டலின்கள் ஒரு லட்சம் டாலருக்குமேல் போகின்றன. புளூகிராஸ் இசைக்கலைஞர் பில் மன்ரோ பல பத்தாண்டுகள் வாசித்ததும் 1923 ஜூலை 9 தேதியிட்ட அத்தகைய ஒன்றுதான். அந்தச் செய்தியைப் படித்தவர் தன் பரணில் இருக்கும் பழைய மாண்டலினையும் அதே கண்ணோடு பார்ப்பது இயல்பு. மாணவர் மாண்டலின்களில் பெரும்பாலானவை சில நூறு டாலரில் நிற்கின்றன.

பழுதுச்செலவுதான் இங்கே கணக்கை முடிவு செய்கிறது. கழுத்தைக் கழற்றிப் பொருத்தி, மெட்டுகளை மாற்றி, விரிசலை ஒட்டும் கூலி, ஒற்றை மர மேற்பலகை கொண்ட நல்ல மாணவர் மாண்டலினின் முழு விலைக்கு அருகில் வந்துவிடும். பிளைவுட் கருவியின் விலையைத் தாண்டிவிடும். அதனால் மதிப்பிடுபவர் முதலில் கேட்க வேண்டியது, இப்போதே வாசிக்க முடிகிறதா என்பது. முடியும் என்றால் அதே கருவி இரண்டு மடங்கு பெறும். மேல்பூச்சைச் சுரண்டிப் புதிதாக மினுக்கியிருந்தால் விலை கணிசமாக இறங்கும். தேய்ந்த பழைய பூச்சையே சேகரிப்பவர்கள் கேட்கிறார்கள். பழைய பெட்டி, கடை ரசீது, பாடப்புத்தகம் ஆகியவை உடன் இருந்தால் அவற்றைப் பிரிக்கக் கூடாது. பணமாக அவை சேர்ப்பது சிறிது. ஆனால் கருவியின் ஆண்டை உறுதிசெய்ய அவற்றைவிட நல்ல சான்று கிடைப்பதில்லை.

நாட்டின் எல்லையைத் தாண்டி விற்பதானால் மரத்தின் பெயரும் ஓட்டின் பெயரும் சட்டப் பிரச்சினையாகும். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. அழுங்காமை ஓடும் அதே பட்டியலில் இருக்கிறது. கிண்ண மாண்டலினின் கீற்றுகளிலும் ஒலித்துளைத் தகட்டிலும் இவை இரண்டும் வரக்கூடியவை. கற்பூர வாசனைச் சோதனை இங்கே விலையைத் தாண்டிய பயன் தருகிறது: தகடு செல்லுலாய்டு என்று உறுதியானால் ஓட்டுக்கான அனுமதிச்சீட்டு தேவைப்படாது.

சான்று எழுதும்போது, அளந்த கம்பி நீளம், மேற்பலகை ஒற்றை மரமா என்ற முடிவு, அதற்கு ஆதாரமான ஒலித்துளை விளிம்பின் படம், மாற்றப்பட்ட உறுப்புகள், 12ஆவது மெட்டின் இடைவெளி, எந்த வகை மதிப்பு, எந்தத் தேதியில் என்பன இருக்க வேண்டும். செய்தவர் பெயர் உறுதியாகாதபோது பட்டறையின் ஊரையும் பத்தாண்டையும் மட்டும் எழுதுவது முறை: சிகாகோ, 1930கள், தட்டைப் பின்பலகை, பிர்ச் உடல். சான்று கைக்கு வந்தபின் கருவி மறுபடி பெட்டிக்குள் போவதானால், கம்பிகளை அரைச் சுருதி அளவு தளர்த்தி, குதிரை நழுவாமல் இருக்கும்படி விட்டுவைக்க வேண்டும்.